எஃப்.ஏ. தேறாத மேதை

கணித மேதை இராமானுஜனைப் பற்றிக் கட்டுரை வராத கல்லூரி மலர் அரிது. அவரைப் பற்றி நானும் எழுதத் துணிந்தது எதற்காக என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

புழலிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படிப்பவன் நான். மூலக்கடை நெரிசலைத் தாண்டி வகுப்புக்குள் நுழையும்போது முதல் பாடவேளையில் பாதி கழிந்திருக்கும். சென்ற பருவத் தேர்வில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றேன். ஆங்கிலத் தாளில் தவறினேன். அரியர் என்ற சொல் வீட்டில் நுழைந்ததும் மாமா ஒரு வழி சொன்னார். செங்குன்றத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் தேவை. படித்தது போதும், வேலைக்குப் போ என்பது அவர் யோசனை. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அந்த வாரம் எங்கள் கணிதப் பேராசிரியர் என்னை அழைத்து, இராயபுரம் போய்விட்டு வந்து பிறகு முடிவு செய்யும்படி சொன்னார்.

இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவர்கள் 1993இல் தொடங்கியது அது. இராமானுஜனின் கடிதங்களையும், அவரோடு பழகியோரின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவரும் அவரே. அங்கிருந்த படங்களையும் கடிதப் படிகளையும் பார்த்து வந்தபின், நூலகத்தில் அமர்ந்து இராமானுஜனின் மாணவப் பருவத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிறிய ஊர், சிறிய கல்லூரி

இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர். மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். வீட்டில் வெளியூர் மாணவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்துச் செலவைச் சரிக்கட்டினார்கள்.

1903இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று நண்பர்கள் வழியாக அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும். விளக்கம் மிகக் குறைவு. தேர்வுக்கு உதவும் நூல் என்று பலர் புரட்டிவிட்டு வைத்திருப்பார்கள். அவரோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் வாங்கப் பணம் ஏது? சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

1904இல் பள்ளிப் பரிசும் உதவித்தொகையும் பெற்று அதே அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இங்கேதான் இடி விழுந்தது. கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. தாயார் கோமளத்தம்மாள் முதல்வரிடம் சென்று முறையிட்டும் பயனில்லை. உதவித்தொகை இல்லாமல் சம்பளம் கட்டுவது அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பாரம். 1905 ஆகஸ்டில் ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்போது அவருக்கு வயது 17. மகனைக் காணவில்லை என்று பெற்றோர் செய்தித்தாளில் அறிவிக்க நேர்ந்தது.

புத்தகம் தந்து வழி காட்டியதும் அந்தச் சிறிய கல்லூரிதான். விதியைக் காட்டி வெளியே நிறுத்தியதும் அதே கல்லூரிதான். இதைப் படித்தபோது என் மனம் கனத்தது.

பாரிமுனையில் இரண்டாம் தோல்வி

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் இன்றைய சேத்துப்பட்டில் இல்லை. நம் பேருந்துகள் போய் நிற்கும் பாரிமுனைக்கு அருகில் இருந்தது. பிராட்வே பக்கத்துச் சந்து ஒன்றில் பாட்டியோடு தங்கினார். கணித ஆசிரியர்கள் அவர் திறத்தைக் கண்டு வியந்தார்கள். ஆனால் உடலியல் பாடம் அவருக்கு வேப்பங்காய். இடையில் வயிற்றுக்கடுப்பு நோயும் வாட்டியது. 1906 இறுதியில் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். 1907இல் தனித்தேர்வராக எழுதி மீண்டும் தவறினார். பட்டப்படிப்பு அத்தோடு முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகள் வறுமையும் அலைச்சலும்தான். 1909இல் ஜானகியம்மாளோடு திருமணம் நடந்தது. வேலை தேடிக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தார். 1910இல் திருக்கோவிலூரில், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அவர் பட்டத்தைக் கேட்கவில்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அவர் வழியாகப் பேராசிரியர் சேஷு ஐயரின் ஆதரவும், பின்னர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் மாதம் 25 ரூபாய் உதவியும் கிடைத்தன. 1911இல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

துறைமுகத்து எழுத்தர்

1912 மார்ச் 1. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்து, அங்கிருந்து அலுவலகம் சென்று வந்தார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு அமர்ந்து கணக்குப் போட்டார்கள். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரித்தார்.

1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் துறைமுகத்தில் குறைந்த சம்பள எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தம் தேற்றங்களை வரிசைப்படுத்தினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வேறு இருவருக்கு முன்னர் எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டியோ அந்தத் தாள்களில் மேதைமையைக் கண்டுகொண்டார். முதுகலைப் பட்டதாரிக்கு மட்டும் உரிய ஆய்வு உதவித்தொகையை, எஃப்.ஏ. கூடத் தேறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் மாதம் 75 ரூபாயாக வழங்கியது. விதியைத் தளர்த்த மனம் வந்தால் தளர்த்தலாம் அல்லவா?

1914 மார்ச் 17இல் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். 1916இல் ஆய்வின் பேரில் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினர். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. ஆனால் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் குளிரும் நோயும் உடலை உருக்கின. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். இறுதி மாதங்களிலும் கணிதத்தை விடவில்லை. அப்போது எழுதிய தாள்கள் அடங்கிய கட்டு 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

என்னை நிறுத்திய ஒரு கடிதம்

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது 1919 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்திருந்தது. நோயாளியாக இருந்த அவர் நன்றி தெரிவித்துவிட்டு, அது தம் தேவைக்கு மிகுதி என்றார். தம் செலவும் பெற்றோருக்கு 50 பவுனும் போக, மிச்சத்தை ஏழை மாணவர்களின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டணம் கட்ட வழியின்றி ஓடிய அந்த மாணவரை அவர் மறக்கவே இல்லை.

தோழர்களே! ஆங்கிலத்தில் தவறியவர் எல்லாம் இராமானுஜன் ஆகிவிட முடியாது. அவர் தவறியது கணிதத்தில் மூழ்கியதால். நான் தவறியது படிக்காமல் விட்டதால். இந்த வேறுபாட்டை மறந்து தோல்விக்குப் பொன்முலாம் பூசினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். ஆனால் ஒரு தாளில் விழுந்தவனிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்க ஒருவர் வேண்டும். அவருக்கு இராமசாமி ஐயர் கிடைத்தார், நாராயண ஐயர் கிடைத்தார். எனக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார். விழுந்த நண்பனுக்கு நாம் ஒவ்வொருவரும் அப்படிக் கிடைக்கலாமே!

அரிசி ஆலைக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கணக்கு எழுதப் போகிறேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆங்கிலத் தாளுக்கு மறுதேர்வுக் கட்டணம் கட்டிவிட்டேன். மூலக்கடையில் பேருந்து நிற்கும் நேரத்தில் கட்டுரை எழுதிப் பழகுகிறேன்.