தேவ மனுஷன் ஜான் பன்யன்: ஜெயிலுக்குள் ஒரு கீழ்ப்படிதல்



ஜான் பன்யன் என்றதும் நம்மில் அநேகருக்கு ‘மோட்ச பிரயாணம்’ புஸ்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். முதுகில் பாரச்சுமையோடு பரம தேசத்தை நோக்கி நடக்கிற அந்த மனுஷனைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஆனால் அதை எழுதினவர் 12 வருஷம் ஜெயிலில் கிடந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும், இனிமேல் பிரசங்கம் பண்ணமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லவே இல்லை.

ரோமர் 13ஆம் அதிகாரத்தை நாம் எல்லாரும் வாசித்திருக்கிறோம். அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அந்த அதிகாரம் தேவனால் உண்டானது என்று பவுல் அங்கே எழுதுகிறார். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தையும் வாசித்திருக்கிறோம். அங்கே ஆலோசனைச் சங்கத்தார் பேசக் கூடாதென்று கட்டளையிட, பேதுருவும் யோவானும் பேசாமலிருக்க எங்களால் முடியாது என்கிறார்கள். முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே இருக்கிறவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள் உண்டு. இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, எனக்குக் கர்த்தர் ஒருவரே அதிகாரி என்று சொல்லி, வீட்டிலும் அடங்காமல் சபையிலும் அடங்காமல் திரிகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆவியானவர் எழுதிக் கொடுத்த வேதம்தானே? அந்த இரண்டையும் சேர்த்து வாழ்வது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் இந்த மனுஷனைப் பாருங்கள்.

இங்கிலாந்து தேசத்தில் பெட்ஃபோர்ட் பட்டணத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு சின்ன கிராமம். 1628ஆம் வருஷம் பன்யன் அங்கே பிறந்தார். தகப்பனுக்கு ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பழுது பார்க்கிற தொழில். பிள்ளையும் அதையே கற்றுக்கொண்டான். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. 15 வயதில் தாய் மரித்துப்போனாள், அடுத்த மாதமே தங்கையும் போய்விட்டாள். அதே வருஷத்தில் பார்லிமெண்ட் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். சபிப்பதிலும் ஆணையிடுவதிலும் ஊரிலேயே பேர் போனவர். விளையாட்டு, நடனம், கோயில் மணி அடிப்பது, இதுதான் அவருக்கு உலகம்.

கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட கிடையாதாம். மனைவி கொண்டுவந்த சீதனம் அவள் தகப்பன் விட்டுப்போன இரண்டு பக்திப் புஸ்தகங்கள். அவைகளை வாசித்துக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார், ஆனாலும் மறுபிறப்பின் அனுபவம் இல்லை. ஒருநாள் பெட்ஃபோர்டில் வேலையாகப் போனபோது, மூன்று நாலு ஏழை ஸ்திரீகள் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து, தேவன் தங்கள் இருதயத்தில் செய்த கிரியையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பக்கத்தில் போய்க் கேட்டார். அவர்கள் பேசின பாஷையே இவருக்குப் புரியவில்லை! அங்கே ஆரம்பித்த போராட்டம் வருஷக்கணக்காக நடந்தது. அந்த ஸ்திரீகளின் போதகரான ஜான் கிஃபோர்ட், முன்னே இராஜாவின் படையில் அதிகாரியாக இருந்து பின்பு மனந்திரும்பினவர். அவர்தான் பன்யனைக் கைப்பிடித்து நடத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பன்யன் தானாகக் கிளம்பி, எனக்கு அழைப்பு இருக்கிறது என்று மேடையேறவில்லை. சபையின் சகோதரர் கேட்டுக்கொண்டதினால்தான் சிறு கூட்டங்களில் பேசினார். பிற்பாடு சபையார் உபவாசித்து ஜெபித்து அவரை ஊழியத்துக்கு ஏற்படுத்தினார்கள். அதிகாரிகளுக்கு முன்பாக உறுதியாய் நின்ற அந்த மனுஷன் சபைக்குள்ளே முதலாவது அடங்கியிருந்தார்.

1658ல் முதல் மனைவி மரித்தாள். நாலு சின்னப் பிள்ளைகள். மூத்தவள் மேரி, பிறவியிலேயே கண் தெரியாதவள். அடுத்த வருஷம் எலிசபெத் என்ற வாலிப ஸ்திரீயை விவாகம் பண்ணினார். 1660ல் இரண்டாம் சார்லஸ் இராஜா சிங்காசனம் ஏறினார், காலம் மாறியது. அரசாங்க சபைக்கு வெளியே கூட்டம் கூடுவதைத் தடை செய்கிற 1593ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

1660 நவம்பர் 12. லோயர் சாம்செல் என்ற இடத்தில் ஒரு வீட்டுக் கூட்டம். நீதிபதி ஃபிரான்சிஸ் விங்கேட் வாரண்ட் பிறப்பித்துவிட்டார் என்று முன்னதாகவே செய்தி வந்துவிட்டது. கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பன்யன் வெளியே வயல் பக்கம் போய் உலாவி யோசித்தார். இத்தனை நாள் தைரியமாய்ப் பிரசங்கித்த நான் இன்றைக்கு ஓடினால் புதிதாய் மனந்திரும்பினவர்களின் விசுவாசம் என்ன ஆகும் என்று நினைத்தார். திரும்பி உள்ளே வந்தார். ஜெபித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். வேதத்தைக் கையில் எடுத்திருக்கும்போதே போலீஸ் வந்து நின்றது. இவர்கள் ஆயுதத்தோடு கூடியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் வந்தவர்கள் கண்டது வேதபுஸ்தகங்களை மட்டும்தான். அவர் எதிர்க்காமல் கூடவே போனார்.

ஜாமீன் கொடுக்க நண்பர்கள் ஆயத்தமாயிருந்தார்கள். ஆனால் மறுபடி பிரசங்கித்தால் ஜாமீன் பணம் பறிபோகும் என்று விங்கேட் சொன்னார். பன்யன் மறைக்கவில்லை. அப்படியானால் நான் அதை மீறத்தான் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியே வருவதற்காக ஒப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தந்திரம் அவரிடத்தில் இல்லை.

1661 ஜனவரியில் விசாரணை. நீதிபதி கீலிங், அரசாங்கத்தின் ஜெபப்புத்தகத்தின்படி ஏன் ஜெபிப்பதில்லை என்று கேட்டார். ஆவியோடும் கருத்தோடும் ஜெபிக்கிறதைத்தானே வேதம் கேட்கிறது (1 கொரி. 14:15) என்று பன்யன் வாதாடினார். பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு 250 வருஷத்துக்கு முன்னே பாத்திரம் பழுது பார்க்கிற ஒருவர் நீதிமன்றத்தில் நின்று ஆவியில் ஜெபிப்பதற்காக வாதாடுகிறார், பாருங்கள்! தீர்ப்பு என்ன தெரியுமா? மூன்று மாதம் ஜெயில். அதற்குள் மனம் மாறாவிட்டால் நாடு கடத்தல். அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் தூக்கு. இன்றைக்கு விடுதலை செய்தால் நாளைக்கே பிரசங்கிப்பேன் என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனார்.

மூன்று மாதம் முடிகிற சமயம், ஏப்ரல் மாதத்தில், பால் காப் என்ற நீதிமன்ற அதிகாரி ஜெயிலுக்கு வந்தார். கெட்டவர் அல்ல, நல்ல வார்த்தை சொல்லி மனதை மாற்றப் பார்த்தார். அந்த ஜனவரியில்தான் லண்டனில் மதத்தின் பேரில் ஒரு கலகம் நடந்து இரத்தம் சிந்தியிருந்தது. அதனால் கூட்டம் என்றாலே அதிகாரிகளுக்குப் பயம். பன்யன் அந்தக் கலகத்தை வெறுக்கிறேன் என்றும், இராஜாவுக்கு உண்மையுள்ள குடியாயிருப்பது என் கடமை என்றும் சொன்னார். என் பிரசங்கத்தில் சந்தேகமா? எல்லாப் பிரசங்கக் குறிப்பையும் எழுதியே தருகிறேன், வாசித்துப் பாருங்கள் என்றார். தனித்தனியாய் ஒருவரோடு பேசிக்கொள்ளலாமே, கூட்டம் எதற்கு என்று காப் கேட்டார். ஒருவருக்கு நன்மையானால் பலருக்கும் நன்மைதானே என்று பதில் வந்தது. கடைசியாகக் காப் எடுத்தது ரோமர் 13தான். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறதே, இதற்கு என்ன சொல்லுகிறீர்?

பிரியமானவர்களே, பன்யன் அதற்குச் சொன்ன பதிலில்தான் அந்த 12 வருஷமும் அடங்கியிருக்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிய இரண்டு வழி உண்டு என்றார். மனசாட்சி இடம் கொடுக்கிற காரியத்தில் சொன்னதைச் செய்து கீழ்ப்படிவது ஒரு வழி. அப்படிச் செய்ய முடியாத இடத்தில், அவர்கள் கொடுக்கிற தண்டனையை எதிர்க்காமல் படுத்து ஏற்றுக்கொள்வது இன்னொரு வழி. அதாவது, பிரசங்கிக்காதே என்ற கட்டளையை அவர் மீறினார், ஆனால் அந்த இராஜாவின் அதிகாரத்தை மீறவில்லை. காப் அதைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். பன்யன் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

சாதரமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இதற்கு விலை கொடுத்தது அவர் மட்டுமா? எலிசபெத்தை நினைத்துப் பாருங்கள். கணவனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி கேட்ட அதிர்ச்சியில் அந்தப் பெண்ணுக்குக் காலத்துக்கு முன்னே பிரசவ வேதனை வந்து, எட்டு நாள் வேதனைப்பட்டு, பிள்ளை இறந்துபோனது. பெறாத நாலு பிள்ளைகள் கையில். அப்படியிருந்தும் லண்டன் வரைக்கும் போய் மனு கொடுத்தாள். 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் பெட்ஃபோர்டுக்கு வந்தபோது, ஸ்வான் என்ற சத்திரத்தில் அத்தனை பெரிய மனுஷருக்கு நடுவே போய் நின்றாள். நீதிபதி ட்விஸ்டன் சீறினார். உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டதற்கு, பேச முடிகிற வரைக்கும் விடமாட்டார் என்றாள். பயந்த பெண் பேசுகிற பேச்சா இது! நீதிபதி மாத்யூ ஹேல் ஒருவர் மட்டும் மனதுருகி, சட்டத்தில் என்ன வழி இருக்கிறதென்று பொறுமையாய் எடுத்துச் சொன்னார். காரியம் வாய்க்கவில்லை. அழுதுகொண்டே வெளியே வந்தாள். தன்னை விரட்டினார்களே என்பதைவிட, கர்த்தர் வரும்போது இவர்கள் என்ன கணக்கு ஒப்புவிப்பார்களோ என்று நினைத்தே அழுததாகப் பிற்பாடு சொன்னாள். என்னைக் கேட்டால், கணவனைவிட இந்த அம்மாள்தான் பெரிய போதகி.

ஜெயிலுக்குள் பன்யன் எப்போதும் துதித்துப் பாடிக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதிலும் அந்தக் குருட்டுப் பிள்ளை! அவள் பசியும் குளிரும் படுவாளே, பிச்சை எடுப்பாளே, அடிபடுவாளே என்று நினைக்கும்போது இருதயம் வெடித்துவிடும் போலிருக்கும். தூக்குத் தண்டனை வரும் என்று பயந்த நாட்களில், ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி, முகம் வெளுத்து, தேவநாமத்துக்கு அவமானம் வந்துவிடுமோ என்று கலங்கினார். அந்தச் சமயத்தில் ஆறுதலான வசனம் ஒன்றும் வரவில்லை. ஆறுதல் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டவருக்காகக் குதித்துவிடுவேன் என்று தீர்மானித்த பிறகுதான் சமாதானம் கிடைத்தது. உணர்ச்சி இருந்தால்தான் விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பிழைப்புக்கு வழி? நுனியில் தகடு வைத்த லேஸ் கயிறுகளை நூற்றுக்கணக்கில் செய்து விற்கக் கொடுத்தார். ஆரம்பத்தில் ஜெயிலர் அவரை நம்பி வெளியே விட்டதுண்டு. அவர் போய் ஜனங்களைச் சந்தித்துப் பிரசங்கித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை லண்டன் வரைக்கும் போய் வந்தார். விஷயம் மேலே தெரிந்து ஜெயிலருக்கே வேலை போகிற நிலைமை வந்ததினால் பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. தப்பி ஓட எத்தனை சந்தர்ப்பம்! ஒருநாளும் ஓடவில்லை. ஜெயிலிலேயே எழுதினார். தன் இரட்சிப்பின் சாட்சியை 1666ல் புஸ்தகமாக வெளியிட்டார்.

1672 ஜனவரியில், இன்னும் கைதியாக இருக்கும்போதே, பெட்ஃபோர்ட் சபை அவரைப் போதகராகத் தெரிந்துகொண்டது. அந்த வருஷமே இராஜா சார்லஸ் ஒரு சலுகை அறிவித்து, லைசென்ஸ் வாங்கிப் பிரசங்கிக்கலாம் என்றார். சுவிசேஷத்துக்கு மனுஷனுடைய லைசென்ஸ் எதற்கு என்று கேட்ட விசுவாசிகளும் அந்நாட்களில் இருந்தார்கள். பன்யனோ மே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டார். பிரசங்கிக்காதே என்றபோது கீழ்ப்படியாமல் ஜெயிலுக்குப் போனவர், பிரசங்கி, ஆனால் பேரைப் பதிவு செய் என்றபோது மரியாதையாய்ப் பதிவு செய்தார். 12 வருஷம் ஜெயிலில் போட்ட இராஜாவின் பேரில் கசப்பு இல்லாதிருந்தால்தான் இது முடியும். சபை ஒரு பழத்தோட்டத்திலிருந்த களஞ்சியத்தில் கூடியது.

சலுகை நிலைக்கவில்லை. சில வருஷத்தில் லைசென்ஸைத் திரும்பப் பெற்றார்கள், இவரும் மறுபடி சுமார் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார். ‘மோட்ச பிரயாணம்’ 1678ல் வெளிவந்து தேசமெங்கும் பரவியது. 1684ல், பாடுபடுகிற விசுவாசிகளுக்கு ஆலோசனையாக ஒரு புஸ்தகம் எழுதினார். ஆளுகிறவர்களைப் பற்றி அவதூறு பேசாதிருக்கவும், அவர்களுக்காக ஜெபிக்கவும் அதில் புத்தி சொல்லுகிறார். 1685ல் மறுபடி உபத்திரவம் வலுத்தபோது, தன் ஆஸ்தி எல்லாவற்றையும் எலிசபெத் பேருக்கு எழுதி வைத்தார். இந்தமுறை தன்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் அவள் தெருவில் நிற்கக் கூடாது.

1688ல், தகப்பனுடைய கோபத்துக்கு ஆளான ஒரு வாலிபன் அவரிடம் வந்தான். தகப்பன் சொத்தில் ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பன்யன் குதிரை ஏறி ரெடிங் பட்டணத்துக்குப் போய், தகப்பனிடம் பிள்ளைக்காகப் பரிந்து பேசி ஒப்புரவாக்கினார். அங்கிருந்து லண்டனுக்கு வருகிற வழியில் நல்ல மழையில் நனைந்துவிட்டார். ஸ்ட்ரட்விக் என்ற மளிகை வியாபாரியின் வீட்டில் காய்ச்சலோடு படுத்தவர், ஆகஸ்ட் 31ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 59. பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள்.

அடுத்த வருஷம், 1689 மே மாதத்தில், பன்யனைப் போன்றவர்கள் கூடி ஆராதிக்க இடம் கொடுக்கிற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. கூடுகிற இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் நடக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது என்று அதில் நிபந்தனை வைத்திருந்தார்கள்.