மணலில் எழுதித் தமிழ் கற்ற சீகன்பால்க்



அயல்நாட்டிலே பிறந்து அருந்தமிழுக்குத் தொண்டு புரிந்த பெரியோர் பலர். வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பையர் ஆகியோரின் பெயர்களை நாம் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறோம். இம்மூவருக்கும் முன்னரே தமிழகக் கடற்கரையில் வந்திறங்கி, அரிச்சுவடி பயிலும் பாலரோடு பாலராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற ஒருவர் உண்டு. அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்க். கற்பிக்க வந்தவர் கற்பவராக மாறிய அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பெரும்பயன் தரும்.

இளமையும் துன்பமும்

சீகன்பால்க் 1682ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். அவ்வன்னை இறக்குந் தறுவாயில் தம் மக்களை அருகழைத்து, தாம் அவர்களுக்கென ஒரு பெருஞ்செல்வத்தை வைத்துச் செல்வதாகவும், அதனை விவிலியத்தின் ஏடுகளில் தேடிக் கண்டுகொள்ளுமாறும் கூறினார் என்பர். தந்தையும் விரைவில் மறைந்தார். தமக்கையின் அரவணைப்பிலே சிறுவர் வளர்ந்தார்.

கல்வியில் ஆர்வம் மிகுந்திருந்தும் உடல்நலம் அவருக்குத் துணை நிற்கவில்லை. அடிக்கடி நோயுற்றார், மனச்சோர்வும் அவரை வாட்டியது. ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றபோதும் உடல்நலக் குறைவால் படிப்பை இடையிலே நிறுத்த நேர்ந்தது. தாம் எப்பணிக்கு உரியவர், தம் வாழ்வு எதற்குப் பயன்படும் என்னும் ஐயம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

அந்நாளில் டென்மார்க் நாட்டு மன்னர் நான்காம் பிரெடெரிக், கடல் கடந்த தம் குடியேற்றங்களில் கிறித்துவ சமயத்தைப் பரப்பத் தொண்டர்களைத் தேடினார். அப்பணிக்குச் சீகன்பால்க்கும் அவருடைய நண்பர் ஹென்ரிக் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் இருவரும் கோப்பன்ஹேகன் நகரினின்றும் புறப்பட்டனர். ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு ஏழு திங்களுக்கு மேல் கடலிலே அலைந்து, 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அப்பொழுது சீகன்பால்க்குக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு.

கடைத்தெருவில் நின்ற இருவர்

தரங்கம்பாடி, சோழமண்டலக் கடற்கரையில் உள்ள ஊர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் அங்கே வணிகம் நடத்தும் உரிமை பெற்று, டேன்ஸ்போர்க் என்னும் கோட்டையையும் கட்டியிருந்தனர். அரசர் அனுப்பிய தூதுவர்களை அக்கோட்டையின் தலைவர் வரவேற்றிருப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு.

வணிகக் கழகத்தாருக்கு இலாபமே குறிக்கோள். சமயத் தொண்டர் வந்து மக்களோடு பழகினால் தம் வணிகத்திற்கு இடையூறு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே கோட்டைத் தலைவராகிய ஹசியுஸ் இருவரையும் நெடுநேரம் காக்க வைத்தார். யார் அனுப்பினர், எதற்காக வந்தனர் என்று கடுமையாக வினவினார். பின்னர்த் தங்க இடமும் காட்டாமல் கடைத்தெருவிலே விட்டுச் சென்றார். மொழி தெரியாத நாட்டில், அறிந்தவர் ஒருவருமின்றி, அந்தி நேரத்தில் அவ்விருவரும் தெருவில் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். இரக்கமுள்ள ஒருவர் முன்வந்து அவர்களுக்குத் தங்குமிடம் தந்தார்.

நம்மில் பலர் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்ப எண்ணியிருப்போம். நோயாளியாகவே வளர்ந்த இவ்விளைஞரோ அவ்வாறு எண்ணவில்லை. தம்மை அனுப்பிய இறைவனே தமக்கு வழி காட்டுவார் என்று நம்பினார். அந்நம்பிக்கையைச் சொல்லால் அன்றிச் செயலால் காட்டினார்.

ஆசிரியர் மாணவரானார்

மக்களிடம் பேச வேண்டுமாயின் மக்களின் மொழியை அறிதல் வேண்டும். அக்காலத்தில் கடற்கரை ஊர்களிலே ஐரோப்பியர் போர்த்துக்கீசிய மொழியைக் கொண்டே காலந்தள்ளினர். தமிழைக் கற்க வேண்டுமென்று கருதியவர் மிகச் சிலரே. அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ அவருக்குக் கிடைக்கவில்லை. சீகன்பால்க் முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவருடைய பள்ளியையே தம் வீட்டில் நடத்தச் செய்தார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் எழுதியபோது, பல்கலைக்கழகம் கண்ட அவரும் அவர்களுக்கு நடுவே அமர்ந்து அகரம் எழுதினார்.

சிறுவர்கள் எழுத்தின் வடிவத்தைக் கற்பித்தனர்; சொல்லின் பொருளை யார் கற்பிப்பது? அழகப்பன் என்னும் தமிழர் அதற்குத் துணை செய்தார். வணிகக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அவர், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை நன்கு அறிந்தவர். அவருடைய உதவியால் சீகன்பால்க் ஓராண்டு நிறைவதற்குள் தமிழிலே பேசவும் சமய உரை நிகழ்த்தவும் தேர்ச்சி பெற்றார். நாள்தோறும் காலை முதல் மாலை வரை வகுத்துக்கொண்ட நேரப்படி பயின்றார். கற்ற சொற்களை மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்தார். ஒரே சுவடியைப் பலமுறை படித்தார். நாள் தவறாத பயிற்சியே அவரது வெற்றியின் இரகசியம்.

பின்னர் அவர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடித் திரட்டினார். 1708ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அவரிடம் சேர்ந்தன. அவற்றுள் திருக்குறளும் ஒன்று. ஒவ்வொரு நூலைப் பற்றியும் குறிப்பெழுதிப் பட்டியல் ஒன்றும் அமைத்தார். நம் பள்ளியின் சிறுவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் அவ்வாண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அறியாமையில் மூழ்கிய மக்கள் என்று ஐரோப்பியர் பலரும் தமிழரைக் கருதிய காலம் அது. அக்கருத்து பிழையென்பதை அச்சுவடிகளே அவருக்கு உணர்த்தின. தமிழரிடம் அறநூல்களும் மருத்துவ நூல்களும் இலக்கணமும் உண்டு என்பதைத் தம் நாட்டாருக்கு அவர் எழுதி அறிவித்தார்.

கோட்டைச் சிறையில் நான்கு திங்கள்

1708ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு திங்கள் கழிந்ததும் பெருந்துன்பம் வந்தது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, அவருடைய கைம்பெண், கணவரின் கடன் தொடர்பாக வழக்கொன்றில் சிக்கினார். எதிர்த் தரப்பில் நின்றவரோ வணிகக் கழகத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். ஏழைப் பெண்ணுக்காகச் சீகன்பால்க் பரிந்து பேசினார். ஒருமுறையன்று, பன்முறை பேசினார். தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதிய ஹசியுஸ் சினங்கொண்டு அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார்.

நான்கு திங்கள் அவர் அங்கே இருந்தார். எழுதுகோலும் தாளும் தொடக்கத்தில் மறுக்கப்பட்டன. வேண்டியவர்கள் வந்து காணவும் தடை இருந்தது. நோயுற்ற உடல், தொடங்கி நின்றுபோன பணி, வெளியே சிதறிப்போன சிறு சபை. எனினும் அவர் உள்ளம் உடையவில்லை. எழுதுபொருள் கிடைத்ததும் சிறையிலிருந்தபடியே நூல் எழுதினார். 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விடுதலை பெற்றதும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது நிறைவெய்தியது.

இளமையில் அவரை வருத்திய ஐயத்திற்கு விடை இங்கேதான் கிடைத்தது என்று நாம் கருதுகிறோம். எளியவர் ஒருவருக்காகத் துன்பம் ஏற்றபோதும், ஒரு மொழியின் முன் மாணவராய்ப் பணிந்தபோதும் தம் வாழ்வின் பயனை அவர் கண்டுகொண்டார்.

அச்சுக்கூடமும் பள்ளிகளும்

நம் மொழியில் முதன்முதல் அச்சான நூல்களுள் ஒன்றாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் வெளிவந்தது. ஆனால் அம்முயற்சி நெடுங்காலம் நிலைத்து நிற்கவில்லை. தரங்கம்பாடியில் அச்சுக்கலை மீண்டும் தழைத்த வரலாறு சுவையானது. இலண்டனில் இருந்த கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பினர். வழியிலே கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டது. அச்சுப்பொறியோடு வந்த தொழிலாளரும் கடற்பயணத்தில் உயிர் நீத்தார். பொறி மட்டும் தப்பி 1712ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே, பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கிச் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். இவ்வாறு 1714ஆம் ஆண்டில் நான்கு நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும், 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது.

பள்ளிகளை நிறுவுவதிலும் அவர் அத்துணை ஊக்கம் காட்டினார். சிறுவருக்கு மட்டுமன்றிச் சிறுமியருக்கும் கல்வி வேண்டும் என்று கருதிப் பெண் பிள்ளைகளுக்கெனவும் பள்ளி நடத்தினார். பெண்களுக்கு எழுத்தறிவு எட்டாக்கனியாய் இருந்த காலத்தில் இது பெருந்துணிவு அன்றோ! ஆசிரியர்களையும் சபைப் பணியாளர்களையும் பயிற்றுவிக்க 1716ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். நல்ல ஆசிரியர் இன்றி நல்ல பள்ளி இல்லை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பாராட்டும் பழியும்

தமிழரின் சமய வழிபாட்டைப் பற்றி 1713ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை எழுதி அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கற்றறிந்த தமிழரிடம் வினாக்கள் அனுப்பி, அவர்கள் விடையாக எழுதிய கடிதங்களையும் மொழிபெயர்த்தார். ஐரோப்பியரின் நடத்தையை வெளிப்படையாகக் குறை கூறிய கடிதங்களும் அவற்றுள் உண்டு. அவற்றையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் பிற சமயத்தைப் பற்றி ஆராய்வது தொண்டரின் வேலையன்று என்று கருதிய பிராங்கே, அச்சமய நூலை வெளியிட ஒப்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து 1867ஆம் ஆண்டில்தான் அது அச்சேறியது.

1714ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பா சென்றார். கப்பற் பயணத்தின்போதே இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கண நூலொன்றை இயற்றினார். அது 1716ஆம் ஆண்டில் ஹாலேயில் வெளிவந்தது. டென்மார்க் மன்னரையும் இங்கிலாந்து மன்னரையும் கண்டார். மரியா தொரோத்தியா என்னும் நங்கையை மணந்து, 1716ஆம் ஆண்டில் மீண்டும் தமிழகம் வந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது.

எனினும் இறுதி நாட்கள் இனியனவாய் இல்லை. கோப்பன்ஹேகனில் இருந்து திருப்பணியை மேற்பார்த்தவர்கள், பள்ளிக்கும் கட்டடத்திற்கும் பொருளைச் செலவிடுவது தகாது என்று குறைகூறி எழுதினர். எதிரிகளின் சிறையைத் தாங்கிய உள்ளம், தம்மவரின் கடுஞ்சொற்களால் நைந்தது. உடல் மேலும் நலிய, 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் அவர் ரூத்து நூல்வரை முடித்திருந்த மொழிபெயர்ப்பைப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் என்பார் தொடர்ந்து நிறைவு செய்தார்.

நாம் கற்கும் பாடம்

மாணவச் செல்வங்களே! சீகன்பால்க்கின் சமயக் கொள்கையை எல்லாரும் ஏற்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. நம் பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து கற்கின்றனர். எச்சமயத்தவராயினும் அவரிடம் நாம் பெறத்தக்கன உள. வரவேற்பு இல்லை என்று அவர் திரும்பிச் செல்லவில்லை. கற்றவர் என்று தருக்கிச் சிறுவரோடு அமர நாணவுமில்லை. ஏழைக்காகப் பேசினால் தமக்குத் தீங்கு வரும் என்று வாய்மூடி இருக்கவுமில்லை.

ஏழு திங்கள் கடல் கடந்து வந்த ஒருவர் மணலில் விரல் தேய எழுதிக் கற்ற மொழி, நமக்குத் தாய்மடியிலேயே கிடைத்திருக்கிறது. அவருக்குக் கிடைக்காத அச்சிட்ட நூல்கள் நம் பள்ளி நூலகத்தில் அடுக்கடுக்காய் இருக்கின்றன. அவற்றை நாள்தோறும் எடுத்துப் படிப்போமாக! தமிழ் எழுதத் தடுமாறும் தம்பி தங்கையர் அருகில் அமர்ந்து கைபிடித்து எழுதக் கற்பிப்போமாக! அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.