மேல்நாட்டில் எம்பெருமானார்

ஸ்ரீ:

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் எம்பெருமானார். உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ள மதுராந்தகத்தில், ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில், மகிழ மரத்தடியிலே பெரிய நம்பிகள் அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார். பின்னர்த் துறவறம் ஏற்றுத் திருவரங்கம் சென்று, கோயில் நிர்வாகத்தைச் செம்மைப்படுத்தி வாழ்ந்த அவருக்கு, முதிர்ந்த பிராயத்திலே பிறந்த நாட்டைவிட்டு அகல வேண்டிய நிலை நேர்ந்தது.

வைஷ்ணவத்தின்பால் பகை கொண்ட சோழ மன்னன் அவரை அழைத்துவர ஆள் அனுப்பினான். கூரத்தாழ்வான் தாமே காஷாயம் தரித்துப் பெரிய நம்பிகளுடன் அரசவைக்குச் சென்றார். ஆழ்வானுடைய வெள்ளை வஸ்திரத்தை உடுத்து, ஸ்வாமி சில சீடர்களோடு மேற்கு நோக்கி நடந்தார். காட்டு வழியிலே வேடர்கள் தேனும் தினையும் கொடுத்துப் பசியாற்றினர்.

இரவிலே கொங்கு நாட்டில் ஓர் இல்லத்தை அடைந்தனர். அவ்வீட்டு அம்மையார் முன்னொரு காலத்தில், தம் நாட்டில் மழை பொய்த்தமையால் கணவருடன் திருவரங்கம் வந்து தங்கியவர். பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்புமுன் எம்பெருமானாரிடம் மந்த்ரோபதேசம் பெற்றவர். வெள்ளை வஸ்திரத்திலிருந்த ஸ்வாமியை அவருடைய திருவடிகளைக் கொண்டே அடையாளம் கண்டு, அனைவருக்கும் அமுது படைத்தார். அன்று அந்நியராய் வந்தவருக்குக் காட்டிய அருள், இன்று தாமே அந்நியராய் நின்றபோது அன்னமாகத் திரும்பி வந்தது. இந்தக் கொங்குப் பிராட்டியின் இல்லத்திலேதான் ஸ்வாமி மீண்டும் காஷாயமும் த்ரிதண்டமும் ஏற்றார்.

பிறகு போசள நாட்டில், பேச்சும் பழக்கமும் வேறான சாளக்கிராமம் என்னும் ஊரை அடைந்தார். அங்கேதான் வடுக நம்பி அவருக்கு ஆட்பட்டார். தொண்டனூரில் அரசன் விட்டலதேவன் ஆச்ரயித்து விஷ்ணுவர்த்தனன் என்று பெயர் பெற்றான் என்று குருபரம்பரை கூறும். 1117-ல் பேலூர்ச் சென்னகேசவர் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவன் இம்மன்னனே.

திருமண் தீர்ந்து வருந்திய நாளில் ஸ்வப்னத்தில் வழி கிடைக்க, யதுகிரியாகிய திருநாராயணபுரத்திற்கு எழுந்தருளினார். புற்றினுள் மறைந்திருந்த நாராயணனை வெளிப்படுத்தி ஆராதனம் தொடங்கிவைத்தார். உத்ஸவரான செல்வப்பிள்ளையை வடநாட்டிலிருந்து எழுந்தருளப் பண்ணியபோது வழியில் துணை நின்றவர்கள் ஊருக்குப் புறம்பே வாழ்ந்த எளிய மக்கள். அவர்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் கோயிலுக்குள் வந்து ஸேவிக்கும் உரிமையையும் ஏற்படுத்தினார். அடைக்கலம் தேடி வந்தவர், அந்நாட்டிலேயே இடமின்றி நின்றோருக்கு இடம் தந்தார்.

ஆயினும் அவர் திருவுள்ளம் பிரிந்தவர்களையே நினைந்திருந்தது. ஆழ்வான் கண்களை இழந்ததும், பெரிய நம்பிகள் அத்துயரிலே திருநாட்டுக்கு எழுந்தருளியதும் செவிப்பட்டபோது ஸ்வாமி கலங்கினார். தமக்காக ஆசார்யரும் சீடரும் துன்புற்றனரே என்ற தாபம் ஆறவில்லை. எனினும் மேற்கொண்ட கைங்கர்யத்தை அவர் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. அரசன் மாண்ட செய்தி எட்டியதும் திருவரங்கத்திற்குத் திரும்பத் திருவுள்ளம் பற்றினார். திருநாராயணபுரத்து அடியார்கள் பிரிவாற்றாது கதறினர். ஆகவே தம் திருமேனி போன்ற விக்ரஹம் ஒன்றைச் செய்வித்து அவர்களிடம் அளித்துப் புறப்பட்டார். தமர் உகந்த திருமேனி என்று இன்றும் அது மேல்கோட்டையில் ஸேவை ஸாதிக்கிறது. அந்நியராக நுழைந்தவரை அனுப்ப மனமின்றி ஊரே அழுதது என்றால், அவர் அங்கு வாழ்ந்த வாழ்வுக்கு வேறு சான்று வேண்டுமோ? திருவரங்கம் மீண்டு ஆழ்வானைத் தழுவிக் கண்ணீர் உகுத்த ஸ்வாமி, 1137-ல் பரமபதம் எய்தினார்.

ஸ்ரீ சுந்தரவரதராஜப் பெருமாளை ஸேவிக்கப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் அடியார்களில், பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்களும் உண்டு. சென்ற இடத்து மக்களைத் தம்மவராகக் கொண்டு, செல்லும்போது அவ்வூருக்கு நன்மையை விட்டுச் செல்வதே எம்பெருமானார் காட்டிய வழி. அவ்வழியில் நிற்பார்க்கு எந்நாடும் எம்பெருமான் நாடே.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.