சமய சுதந்திரமும் ஆறுமுக நாவலர் பெருமானும்

ஈழத்துச் சைவ மக்களின் நெஞ்சில் நிலைபெற்ற பெரியார்களுள் முதன்மையானவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் திகதி கந்தப்பிள்ளை, சிவகாமி அம்மையார் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார்.

அவர் பிறந்த காலத்து நிலையை அறிந்தாற்றான் அவரது பணியின் அருமை புலப்படும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கும் விவாகப் பதிவுக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. கத்தோலிக்கக் குருமாருக்கும் அவ்வாட்சி தடை விதித்தது. பிற்பகுதியில் கெடுபிடி தளர, கோயில்கள் மீண்டும் எழுந்தன. ஆங்கிலேயர் 1799இல் வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர்.

சட்டத்தில் தடை நீங்கியது. ஆனால் கல்வி மிஷனரிமாரின் கையில் இருந்தது. உத்தியோகம் பெற ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் படிக்க மிஷன் பாடசாலைக்குப் போகவேண்டும். அங்கே பைபிள் பாடம் கட்டாயம். விபூதி தரித்து வந்த பிள்ளைகள் வெளியேற்றப்பட்டதும் உண்டு. கோயிற் கதவு திறந்திருக்க, பிள்ளையின் நெற்றி வெறுமையாக வேண்டிய நிலை அது.

நாவலரும் மிஷன் பாடசாலையிலேயே ஆங்கிலம் கற்றார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவினார். ஆயினும் சைவராகவே வாழ்ந்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தமது முதற் சமயப் பிரசங்கத்தைச் செய்தார். 1848இல் மிஷன் உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து பாலபாடங்களையும் சமய நூல்களையும் அச்சிட்டார்.

மிஷன் பாடசாலைகள் அரசாங்க நன்கொடை பெற்றுவந்த அக்காலத்தில், அவரது பாடசாலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊரவரின் உதவியிலேயே நடந்தது. கிறித்தவக் குருமாரும் அங்கம் வகித்த மத்திய பாடசாலை ஆணைக்குழு நீங்கி, 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் அமைந்த பின்னரே, 1870இல் அதற்கு நன்கொடை கிடைத்தது. 1872இல் அவர் தொடங்கிய சைவ ஆங்கில வித்தியாசாலையோ பண வசதியின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

நாவலரைச் சமய சகிப்பற்றவர் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் முதலிய கண்டன நூல்களில் அவரது நடை கடுமையானதே. சைவரின் குறைகளையும் அவர் அதே கடுமையுடன் கண்டித்தார். கோயில்களில் உயிர்ப்பலி கூடாதென்றார். பிற சமயத்தார் மீது பலாத்காரத்தை அவர் நாடவில்லை. பிரசங்கமும் புத்தகமும் பாடசாலையுமே அவர் கொண்ட கருவிகள். மிஷன் செய்த நன்மையை மறுப்பதும் நியாயமன்று. புத்தூர் மெதடிஸ்த வைத்தியசாலையில் சைவரும் மருந்துண்டு சுகம் பெற்றனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. சாதி ஒழுங்கை நாவலர் ஏற்றுக்கொண்டார். அரசாங்கம் விதித்த தடையை எதிர்த்த சமூகம், தன் சொந்தச் சனங்களுக்கே கோயில் வாசலை அடைத்து வைத்திருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராட வேண்டியிருந்தது. பிறர் எம்மைத் தடுத்தால் அநீதி, நாம் பிறரைத் தடுத்தால் ஆசாரம் என்பது சைவ நீதியாகாது.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி நாவலர் சிவபதமடைந்தார். அவர் வழிவந்தோர் 1888இல் சைவபரிபாலன சபையை நிறுவினர். அதன் முயற்சியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வளர்ந்தது. அவர் மீட்கும்படி வேண்டிய திருக்கேதீச்சரத் திருத்தல நிலம் 1893இல் ஏலத்தில் வாங்கப்பட்டது.

ஆண்டுதோறும் கார்த்திகை மக நாளில் நாவலர் குருபூசை நடைபெறுகின்றது. அன்று மாலை சாத்துவதோடு அமையாது, பிள்ளைகளுக்குச் சமய அறிவைக் கொடுப்பதும், கோயில் வாசலை எல்லோருக்கும் திறந்து வைப்பதும், அயலவரின் வழிபாட்டுக்கு இடையூறு செய்யாதிருப்பதுமே அவர் தொடங்கிய பணியை நிறைவாக்கும். எல்லாம் வல்ல சிவபெருமான் அதற்குத் திருவருள் புரிவாராக.