தாகேரின் ஒளிமண்டபம்

நான் பாடசாலையிற் பயின்ற நாளில் லூயி தாகேர் என்னும் பெயரை, நிழற்படக் கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவரின் பெயர் என்ற அளவிலேயே அறிந்திருந்தேன். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. பிற்காலத்தில் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், ஐம்பது வயதுவரை அவருக்குப் புகழும் ஊதியமும் தந்தது வேறொரு கலை என்பதும், அது தீக்கு இரையாயிற்று என்பதும் தெரியவந்தன.

1787ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி, பாரிஸ் நகருக்கு அணித்தான கோர்மேய் என்னும் ஊரிலே பிறந்தார். இளமையில் இசைநாடக அரங்கின் திரைச்சித்திரக்காரரான தெகொத்தியிடம் தொழில் பயின்றார். பின்னர், பார்ப்போரைச் சுற்றி வளைத்து நிற்கும் பெருஞ்சித்திரங்கள் தீட்டிய பிரெவோவுக்கு உதவியாளரானார். எத்துணைப் பெரிதாயினும் அசையாது நிற்கும் காட்சி அவர் மனத்துக்கு நிறைவு தந்திராது என்றே நான் கருதுகின்றேன். 1822 யூலையில் பூத்தோன் என்னும் ஓவியருடன் சேர்ந்து அவர் திறந்த டயோராமா மண்டபம் அதற்குச் சான்று.

அம்மண்டபத்தின் அமைப்பு வியக்கத்தக்கது. ஏறக்குறைய 350 பேர் இருளில் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு எதிரே 22 மீற்றர் அகலமும் 14 மீற்றர் உயரமுங் கொண்ட மெல்லிய துணியிலே சித்திரம் தொங்கும். மேற்கூரைச் சாளரங்களின் ஒளி துணியின் முன்புறத்தில் விழும். பின்னாலுள்ள உயர்ந்த சாளரங்களின் ஒளி துணியை ஊடுருவும். இடையிலே நிறத்திரைகளைக் கயிறுகளால் இழுத்து ஒளியைக் கூட்டியும் குறைத்தும் மாற்றினர். ஒரு காட்சி கால்மணி நேரமளவில் முடிந்ததும், சபையோர் இருந்த தளமே சுழன்று அவர்களை அடுத்த சித்திரத்தின்முன் நிறுத்தும்!

1834இல் அவர் துணியின் இருபுறமும் தீட்டத் தொடங்கினார். அவ்வகையில் அமைந்த நள்ளிரவுப் பூசைக் காட்சியில் முதலிலே பகலொளியில் வெறுமையான தேவாலயம் தெரியும். முன்னொளி தேயத் தேய அந்தி சூழும், விளக்குகள் தோன்றும், ஆளற்றுக் கிடந்த ஆசனங்களிலே மக்கள் நிறைந்திருப்பர். பின்பு மறுபடி விடியும், அவர்கள் மறைந்துவிடுவர். துணி ஒன்றே, மாறியது வெளிச்சம். இத்தகைய கலைஞர் ஆல்ப்ஸ் மலைக்காட்சி ஒன்றின்முன் உயிருள்ள ஆட்டைக் கட்டிவைத்ததை நான் அவ்வளவாக இரசிக்கவில்லை. ஒளியை நம்பியவருக்கு ஆடு எதற்கு?

ஒளியைத் தகட்டிலே பதித்து நிறுத்தும் முயற்சியில் 1829இல் நியெப்ஸ் என்பாருடன் கூட்டுச் சேர்ந்தார். அத்துறையில் முன்னோடி நியெப்சே. 1833இல் அவர் இறந்தபின், முறையைத் தாம் பெரிதும் திருத்தியதைக் காட்டி, புதிய முறைக்குத் தம் பெயரை மட்டும் சூட்ட அவர் மகனிடம் தாகேர் இணக்கம் பெற்றார். திருத்தம் மெய்தான், ஆயினும் இறந்த நண்பரின் பெயரை விலக்கியதை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை.

1839 சனவரி 7ஆந் திகதி அக்கண்டுபிடிப்பை அறிஞர் அரகோ பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தார். இரண்டு திங்கள் கழித்து, மார்ச் 8ஆந் திகதி, அமெரிக்கரான மோர்ஸ் தம் தந்திக் கருவியைத் தாகேருக்குக் காட்டிக்கொண்டிருந்த வேளையில் டயோராமா எரிந்து சாம்பலாயிற்று. அதே ஆண்டில் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும் நியெப்சின் மகனுக்கு 4000 பிராங்கும் வழங்கியது. தாகேரின் பங்கு டயோராமாவின் இரகசியத்தை வெளியிடுவதற்கும் சேர்ந்தது. மண்டபம் போயிற்று, செய்முறை நூலில் நின்றது.

அவர் அதை மீண்டும் கட்டவில்லை. பிரி-சூர்-மார்ன் என்னும் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்து, 1851 யூலை 10ஆந் திகதி அங்கேயே காலமானார். ஆனால் 1842இல் அவ்வூர்த் தேவாலயத்துப் பீடத்தின் பின்னே ஒரு டயோராமாவைத் தீட்டிக் கொடுத்திருந்தார். அவருடைய டயோராமாக்களில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. பழுது நீக்கப்பெற்று 2013இல் தன் இடத்துக்கு மீண்டது. சிறிய அக்கோயில் பீடத்துக்கு அப்பாலும் நீண்டு, உயர்ந்த தூண்களும் வளைவுகளுங் கொண்ட பெருங்கோயிலாகத் தோன்றும். அதற்கு ஒளி வானத்திலிருந்தே வருகின்றது. முகில் மூடும்போது அத்தூண்களும் மங்குகின்றன.