பிரித்துப் பார்த்த பெருமகன்

விலை கொடுத்து வாங்கிவிட்டால் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிடுமா? சென்ற கோடை விடுமுறையில் இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தந்தது ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை. அதை எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு பழைய கார்.

விழுப்புரத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன் புதுச்சேரியிலிருந்து ஒரு காரை வாங்கி வந்தார். 2002-ஆம் ஆண்டில் தயாரான ஹோண்டா சிட்டி வி-டெக் அது. ஒன்றரை லிட்டர் என்ஜின், 106 குதிரைத்திறன். வேகத்தை விரும்புகிறவர்கள் இன்றும் தேடி வாங்கும் ஜப்பானிய வண்டி. அதற்காக அண்ணியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, பெயர் மாற்றம் என்று அலைந்து முடித்ததும், எஞ்சிய பணத்தில் அண்ணன் பெரிய சைலன்சர் ஒன்றை மாட்டினார். வண்டி தாழ்ந்து தெரியட்டும் என்று ஸ்பிரிங்குகளை வெட்டினார். என்ஜினை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு நாள் விக்கிரவாண்டியைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகையில் முன்புறமிருந்து ஆவி கிளம்பிற்று, வண்டி நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். குளிர்விக்கும் திரவத்துக்குப் பதிலாக யாரோ பல ஆண்டுகள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் அடைத்துவிட்டன. சூடேறியதில் அலுமினியத்தாலான சிலிண்டர் தலைப்பகுதி வளைந்து, காஸ்கட்டும் போய்விட்டது. சைலன்சருக்குக் கொடுத்த பணத்தில் பாதி இருந்திருந்தால் ரேடியேட்டரை முன்பே சீர் செய்திருக்கலாம்.

அந்தப் பட்டறைக்காரர் எங்களைச் சும்மா உட்கார விடவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைக்கச் சொன்னார். மெதுவாகப் போகும்போது வால்வு குறைவாகத் திறப்பதையும், வேகம் கூடியதும் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு சிறு முளை நகர்ந்து பூட்டிக்கொள்ள, அதே வால்வு அதிகமாகத் திறப்பதையும் கையால் அசைத்துக் காட்டினார். வி-டெக் என்ற சொல்லின் பொருள் அண்ணனுக்கு அன்றுதான் விளங்கிற்று. அந்தப் பட்டறையின் சுவரில், சாமி படங்களுக்கு நடுவே ஜி.டி. நாயுடுவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கல்லூரி திறந்ததும் நூலகத்துக்குப் போய் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பக் கல்வியோடு அதை விட்டுவிட்டார். ஆயினும் கையில் கிடைத்ததைப் படிக்கும் பழக்கத்தை விடவில்லை.

ஒரு நாள் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடும் வண்டியை அந்தக் கிராமத்து இளைஞர் அதுவரை கண்டதில்லை. அது எப்படி ஓடுகிறது என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. அப்படி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று துணிந்து கோவைக்குப் போனார். உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியிடமே சென்று அதே பழைய வண்டியை விலை பேசி வாங்கினார். 300 ரூபாய் கொடுத்ததாகச் சொல்வார்கள். அக்காலத்தில் அது சிறு தொகை அன்று.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்து பெருமை தேடவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்தார், மறுபடி பூட்டினார். அதைப் பலமுறை செய்தார். அந்தப் பழைய வண்டியே அவருக்குக் கல்லூரியாயிற்று. அண்ணன் தம் காரில் கடைசியாகச் செய்ததை அவர் முதலில் செய்தார் என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து அவர் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். கையில் பணம் சேர்ந்தது. பம்பாய்க்குப் போய் அதை இழந்தார். ஆனால் மனம் தளரவில்லை. கோவையில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபர் தவணை முறையில் கைகொடுக்க, 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டியிலிருந்து யு.எம்.எஸ். என்ற போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. குறித்த நேரத்தில் புறப்படுவதற்கும், வண்டிகளைச் செவ்வையாகப் பராமரிப்பதற்கும் அது பெயர் பெற்றது.

பிறகு அவர் கவனம் எந்திரங்களைப் படைப்பதில் திரும்பிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைப் பீளமேட்டில் தயாரித்தார். உலர் மின்கலத்தில் ஓடும் ராசன்ட் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு எந்திரம் என்று அவர் படைத்தவை பல. 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் தயாரிக்க அரசின் உரிமம் கிட்டவில்லை. அந்தக் கார் மக்கள் கைக்கு வரவே இல்லை. வரிக் கொள்கையை எதிர்த்துத் தம் தயாரிப்புகளைத் தாமே பொதுமக்கள் முன்னால் உடைத்துக் காட்டியவரும் அவர்தான். அது சரியா, தவறா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய இயலவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் அறிந்து செய்த பொருளை உடைப்பதற்கு எவ்வளவு மனவேதனை இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிகிறது.

கல்வியிலும் அவர் கருத்து தனியானது. 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் தோன்றக் காரணமாக இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே போதும் என்பது அவர் எண்ணம். அரசு அதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பட்டம் பெறாத ஒருவர் பட்டம் தரும் நிலையத்துக்கு வித்திட்டார்!

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவையில் அவர் பெயரிலான அறநிலையம் 2015-இல் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. 2025-இல் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அண்ணனின் காருக்குப் பெயர் தந்த சொய்சிரோ ஹோண்டாவின் கதையும் இதைப் போன்றதே. போரில் தோற்றுக் கிடந்த ஜப்பானில், 1946-இல், இராணுவம் கழித்துவிட்ட சிறு என்ஜின்களைச் சைக்கிள்களில் பொருத்தித்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். நிறுவனம் பிறந்தது 1948-இல். நம் கோவையிலும் நாயுடுவுக்குப் பின் கரிவரதன் வந்தார். மாருதி 800 காரில் இருந்த, ஜப்பானின் சுசுகி வடிவமைத்த என்ஜினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் பல இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 1995-இல் விமான விபத்தில் இறந்த அவருடைய பெயரைச் செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது.

இவர்கள் எல்லாரும் எந்திரங்களை மாற்றி அமைத்தவர்களே. ஆனால் முதலில் புரிந்துகொண்டார்கள், பிறகு மாற்றினார்கள். புரியாமல் மாற்றுவது வண்டிக்கும் கேடு, வழியில் போகிறவர்களுக்கும் கேடு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அண்ணன் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டார். ஸ்பிரிங்குகளையும் மாற்றியாயிற்று. வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. அடகுக்குப் போன வளையல்களில் ஒரு ஜோடிதான் இதுவரை மீண்டிருக்கிறது.

நண்பர்களே, பொறியியல் இடம் கிடைக்காமல் கலைக் கல்லூரிக்கு வந்தோம் என்ற குறை நம்மில் சிலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. எந்திரங்களைப் பற்றி நினைக்க நமக்கு உரிமை இல்லை என்றே எண்ணியிருந்தேன். பரிமாறும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய வண்டி வாங்கிய அந்த இளைஞருக்கு எந்தக் கல்லூரியும் இடம் தரவில்லை. அறிய வேண்டும் என்ற ஆவலே அவருக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது. வரலாறாயினும், கவிதையாயினும், கார்புரேட்டராயினும் பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டத் தெரிந்தவனுக்கே அது சொந்தம். அந்தத் திண்டிவனம் பட்டறைக்கு விடுமுறை நாட்களில் நான் இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.