விபுலாநந்த அடிகளும் வழிபாட்டின் இரு நெறிகளும்

இறைவனைப் பலருடன் கூடி வழிபடுதல் ஒரு நெறி. தனித்திருந்து வழிபடுதல் மற்றொரு நெறி. இவ்விரண்டனுள் எது பயன் மிகுதியும் உடையது என்னும் வினா, சைவப் பாடசாலை ஆசிரியர் புறக்கணிக்கத்தக்கதன்று. காலை மணி அடித்தவுடன் மாணாக்கரை நிரையாய் நிறுத்தித் தேவாரம் பாடுவிக்கின்றோம். அவ்வளவில் நம் கடமை முடிந்ததோ? அன்றி, வழிபாடு உள்ளத்தின்பாற் பட்டதாகலின் அதனை அவரவர் வீட்டுக்கே விட்டுவிடல் அமையுமோ? இதற்கு விடையைத் தருக்க நூல்களில் தேடுதலினும், நம் கரையிலே பிறந்து இரு நெறியினும் ஒழுகிய பெரியார் ஒருவரின் வரலாற்றில் தேடுதல் நன்று. அவர் சுவாமி விபுலாநந்த அடிகளார்.

நற்பிட்டிமுனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாய் அடிகள் தோன்றினர். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். அவ்வூர்க் கண்ணகையம்மன் கோயிலிலே வைகாசித் திங்களிற் குளிர்த்திச் சடங்கு நிகழும். ஏழையும் செல்வரும் ஒருங்கு கூடி நிற்க, அம்மன் வரலாறு பாடப்படும். ஊர் முழுதும் ஒரு குரலாகி நிற்கும் வழிபாட்டை இளமையிலேயே கண்டு வளர்ந்தவர் அடிகள் என்பது இதனாற் புலனாம்.

பின்னர்க் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றனர். அத்தகைய கல்லூரிகளிற் கூட்டுப் பிரார்த்தனை நாடோறும் நிகழ்வதொன்று. அங்குக் கற்ற எம்போலியர் ஒன்றறிவர். கதவடைத்து அந்தரங்கத்திற் பிரார்த்தித்தலை உயர்த்திக் கூறும் மத்தேயு சுவிசேஷமே, இருவர் மூவர் கூடுமிடத்து இறையருள் நிற்குமென்றும் கூறும். நம் அயலவராகிய முஸ்லிம் மக்கள், கூட்டாய்த் தொழுதல் தனியே தொழுதலினும் 27 மடங்கு நன்மை உடையதெனத் தம் நபிமொழி வழியாகக் கொள்வர். ஆயினும் இரவின் தனிமையில் எழுந்து தொழுவாரையும் அவர் போற்றுவர். நம் சமயத்திலோ, திருவெம்பாவைப் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பிக் கூடிச் செல்லுகின்றனர்; பூசலாரோ ஒருவரும் அறியாது நெஞ்சகத்தே கோயிலெடுக்கின்றனர். ஆகவே எச்சமயமும் இரண்டனுள் ஒன்றைத் தள்ளிற்றில்லை. அடிகளின் வாழ்வும் அங்ஙனமே.

மயில்வாகனனார் ஆசிரியப் பயிற்சி பெற்று, விஞ்ஞானங் கற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகி, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எய்தினர். அதன்பின் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராயினர். உலகியலில் உயரும் வழி திறந்திருந்த அக்காலத்தே, 1922இல் அதனைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தனர். 1924இற் சுவாமி சிவாநந்தரிடம் சந்நியாசம் பெற்று, விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டனர். துறவு என்பது தனிமையைத் தேடும் செயல். அவரோ துறவு பூண்ட மறு ஆண்டே ஈழம் மீண்டு, பிள்ளைகள் நிறைந்த பாடசாலைகளைத் தம் தலைமேற் கொண்டனர்.

1929இற் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயம் அவரால் நிறுவப்பெற்றது. அதனை அடுத்து மாணவர் விடுதியும் வளர்ந்தது. மாணவர் கூடி வழிபடுதல் இராமகிருஷ்ண சங்கத்து விடுதிகளின் மாறா வழக்கம். சாதி வேற்றுமை பாராட்டுதலை அடிகள் அறவே வெறுத்தவர். பிறப்பு நோக்கி இடம் வகுக்கும் அக்காலத்திலே, பல குடியிற் பிறந்த பிள்ளைகள் ஒரு நிரையில் அமர்ந்து ஒரு பாட்டைப் பாடுதல் எத்துணைப் பெரிது! தனி வழிபாடு எத்துணை உயரினும் இந்த ஒன்றைச் செய்யமாட்டாது. அருகிருந்து பாடியவனை இழிந்தோனென்று எண்ணுதல் அரிது. இது கூட்டு வழிபாட்டிற்கே உரிய பயன்.

இனி மறுபக்கமும் காண்க. 1939இல் அடிகள் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராய் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமம் சென்றனர். விவேகாநந்தர் கருத்தின்படி 1899இல் அமைந்த அவ்விடத்தில் விக்கிரகமில்லை, பூசையில்லை, மணியோசையுமில்லை. மலையும் மௌனமும் உள்ளன. ஊர் கூடிப் பாடும் குளிர்த்தியிற் பிறந்தவர், ஒலியற்ற அத்தனிமையிலும் குறைவின்றி உறைந்தனர். யாழ் பற்றிய அவர்தம் ஆராய்ச்சியும் நெடுங்காலம் தனித்திருந்து செய்த தவமேயாம். சிலப்பதிகார அரங்கேற்று காதையினின்றும் தேவாரப் பண்களினின்றும் பழந்தமிழிசையை மீட்ட அந்த யாழ்நூல், 1947 சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், அறிஞர் பலர் கூடிய அவையில் அரங்கேறியது. தனிமையிற் பழுத்தது கூட்டத்தில் வழங்கப்பெற்றது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் இறையடி சேர்ந்தனர்.

யாழினின்றே ஓருவமை எமக்குத் தோன்றுகின்றது. ஒரே சுருதியிற் கூட்டிய நரம்புகள் இரண்டனுள் ஒன்றை மீட்டின், மற்றது தொடாமலே அதிரும். சுருதி சேராத நரம்போ, ஆயிரம் நரம்பிடையே கிடப்பினும் அதிராது. கூட்டு வழிபாடு அந்த அதிர்வை ஒப்பது. தனி வழிபாடு சுருதி கூட்டுதலை ஒப்பது. நூறு வாய் ஒருங்கு பாடுதலால் இறைவன் செவி மிகுதியாய்க் கேட்பதில்லை. அவன் குரல்களை எண்ணுவானல்லன். கூட்டத்தின் வலிமை அவனை அசைத்தற்கன்று, நம்மை அசைத்தற்கேயாம். அசைதற்குரியதாய் நெஞ்சைப் பண்படுத்துவது தனிமை.

ஈசன் உவக்கும் மலர் யாது என வினாவி அடிகள் பாடிய பாட்டை அறியாத தமிழாசிரியர் இலர். புறத்துப் பூவை விடுத்து, உள்ளமும் கூப்பிய கையும் கண்ணுமே அவனுக்குரிய மலர்களெனக் கூறும் அப்பாட்டு, முற்றும் அந்தரங்க வழிபாட்டின்பாற் பட்டது. அதனையே இன்று நம் பிள்ளைகள் வாய்விட்டுக் கூடிப் பாடுகின்றனர். கல்லடியில் அவர் சமாதியிலும் அது பொறிக்கப்பெற்றுள்ளது. பாடும் நாவுகள் பல. ஆயினும் மலர வேண்டிய உள்ளக் கமலம் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்றேயாம்.

ஆசிரிய அன்பர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது இது. காலைப் பிரார்த்தனையை ஒழித்தல் தவறு. அதனோடு அமைதலும் தவறு. நிரையில் நின்று உரத்துப் பாடும் பிள்ளை, விடுமுறை நாளிலே ஒருவரும் ஏவாது, ஒருவரும் காணாது, திருநீறணிந்து ஐந்தெழுத்தை ஓதுகின்றானா என்பதே நம் உழைப்பிற்கு உரைகல். அதன்பொருட்டு, பாட்டு முடிந்தபின் சிறிது நேரம் வகுப்பறையில் மௌனம் நிலவச் செய்வோமாக. கூடிப் பாடிய சொல் ஒவ்வொரு நெஞ்சினும் தனித்தனியே இறங்குதற்கு அந்த மௌனமே வாயிலாகும். பாட்டையும் மௌனத்தையும் ஒருங்கு போற்றிய அடிகளார்க்கு நாம் செய்யும் வழிபாடும் அதுவேயாம்.